செழியனுக்குக் கொடுத்த ஆள்

"நீங்க மொதல்ல செஞ்சு காட்டுங்க தம்பி. நான் பாக்குறேன்," என்றார் மலைச்சாமி.

செழியன் இதை எதிர்பார்க்கவில்லை. உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் எந்தெந்தத் தசை வேலை செய்கிறது, முதுகு எந்த இடத்தில் வளையக் கூடாது, முட்டிக்கு எப்போது சேதம் வரும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆறு மாதம் ஆன்லைனில் படித்து ட்ரெய்னர் சான்றிதழ் வாங்கியவன். ஆனால் படித்தது முழுவதும் கட்டிலில் சாய்ந்துகொண்டு. பக்கத்தில் மிக்சர் தட்டு. உடம்பில் எத்தனை தசைகள் இருக்கின்றன என்று தெரிந்துகொண்ட அதே ஆறு மாதத்தில் அத்தனையையும் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிட்டிருந்தான். அதை மறைக்கத்தான் தொளதொள கறுப்பு டீசர்ட்.

கேட்டது கிளையண்ட். கிளையண்ட் எது கேட்டாலும் முகம் கோணக் கூடாது என்று பாடத்தில் இருந்தது. செழியன் கைகளை முன்னால் நீட்டி, மூச்சை இழுத்து, உட்கார்ந்தான். முட்டியில் முறுக்கு உடைவது போல ஒரு சத்தம் கேட்டது.

"முட்டி முன்னாடி போகுது பாருங்க," என்றார் மலைச்சாமி, குனிந்து பார்த்து. "இடுப்பப் பின்னால தள்ளணும். ஸ்டூல்ல உக்கார மாதிரி. ஆங், அம்புட்டுத்தான். இன்னொரு பத்து போடுங்க."

செழியனுக்கு உள்ளே எரிந்தது. போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு வந்து ட்ரெய்னருக்கே சொல்லிக்கொடுக்கும் கிளையண்ட்டைப் பற்றிப் பாடத்தில் தனி அத்தியாயமே உண்டு. அவரிடம் வாதாடக் கூடாது. அவர் வழியிலேயே போய் நம் வழிக்குக் கொண்டுவர வேண்டும். செழியன் அவர் வழியிலேயே பத்து போட்டான். எழுந்தபோது தொடை தந்தி அடித்தது.

"இப்ப நீங்க சார்."

"சேந்தே செய்வோம் தம்பி. அப்பத்தான் ஒங்களுக்கும் அலுக்காது."

மலைச்சாமிக்கு நாற்பதை ஒட்டிய வயது. கொடிக்கம்பத்துக்கு பேண்ட் சட்டை போட்டது போல இருப்பார். அவரைப் பார்த்த மாத்திரத்திலேயே செழியன் திட்டம் போட்டுவிட்டான். இந்த ஆளுக்குச் சதை போட வேண்டும். வேறு வழியில்லை. ஒரு மாதம்தான் இருந்தது.

அந்த ஒரு மாதக் கணக்கு ஜிம் முதலாளி முகமது பாரூக் வைத்தது. திண்டுக்கல் பழனி ரோட்டில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஜிம். பாரூக் பாய்க்குத் தோல் வியாபாரம். ஜிம்முக்கு வாரத்தில் இரண்டு நாள் எட்டிப் பார்ப்பார். செழியன் வேலை கேட்டு வந்த அன்று சான்றிதழை நீட்டியபோது அவர் அதைக் கையில் வாங்கவே இல்லை.

"இதெல்லாம் உள்ள வைங்க தம்பி. போன ட்ரெய்னரு கட்டா வச்சிருந்தாரு. வந்தவனுக்கெல்லாம் இடுப்புப் புடிச்சதுதான் மிச்சம். இங்க இருக்கிறது ஒரு எடம். ரெண்டு பேரு கேட்டிருக்கீங்க. ஆளுக்கு ஒரு ஆளத் தாரேன். ஒரு மாசம். யாரு ஆளு உடம்பு மாறுதோ அவருக்கு வேலை."

"சரிங்க பாய்."

"ஒரு விசயம். ஒங்களுக்குப் பரீட்சை நடக்குதுன்னு அந்த ஆளுக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா எவனும் புதுசா வந்தவன் கைல உடம்பக் குடுக்க மாட்டான். அதான் இருக்கிற மெம்பருங்க யாரும் சிக்க மாட்டேங்குறாங்க. வாயத் தொறந்தீங்க, வேலை கெடையாது."

"அந்த இன்னொருத்தரு யாரு பாய்?"

"அது ஒங்களுக்கு எதுக்கு? ஒங்க ஆளப் பாருங்க."

வெளியே வந்தபோது முன் மேசையில் இருக்கும் ஜோஸ்பின் போனைத் தூக்கி அவனைப் படம் எடுத்தாள். "அப்டியே சைடு வாக்குல திரும்புங்கண்ணே. டீசர்ட்ட இழுத்துப் புடிங்க." அடையாள அட்டைக்கு எதற்குப் பக்கவாட்டு என்று செழியன் கேட்கவில்லை. இன்னும் கிடைக்காத வேலைக்கு அட்டை தயாராவது நல்ல சகுனமாகத்தான் பட்டது.

இந்த வேலை கிடைக்காவிட்டால் என்ன என்பது அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் மூன்று வருடம் நைட் ஷிப்ட் பார்த்தவன். ஊர் விழிக்கும்போது படுத்து, ஊர் சாப்பிடும்போது பல் விளக்கி, மூக்கைச் சிந்தினால் பஞ்சு வரும் பிழைப்பு. ஒருநாள் பாதி ஷிப்டில் மிஷினை ஓடவிட்டு வெளியே வந்துவிட்டான். மனைவி பானுப்ரியாவின் அண்ணன் ஆனந்த்ராஜ் அதே மில்லில் இருந்தான். சூப்பர்வைசர் காலைப் பிடித்து, மாதக் கடைசி வரைக்கும் இடத்தைக் காலியாக வைக்கச் சொல்லியிருந்தான். அதே மிஷின். அதே நைட் ஷிப்ட்.

அதனால் செழியன் மலைச்சாமியை ராஜா போல நடத்தினான்.

இரண்டாவது நாள் விசாரணை. கிளையண்ட்டைத் தொடுவதற்கு முன் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதுதான் அடிப்படை.

"சார் என்ன வேலை பாக்குறீங்க?"

"ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தேன். குஜிலியம்பாறைப் பக்கம். இப்ப இல்ல. தம்பி?"

"மில்லுல இருந்தேன் சார்."

"உக்காந்து பாக்குற வேலையா, நின்னு பாக்குற வேலையா?"

"நின்னுதான். உடம்புக்கு ஏதாச்சும் நோவு இருக்கா சார்? சுகர், பிரஷர்?"

"ஒண்ணுமில்ல. ஒங்களுக்கு?"

"எனக்கும் இல்ல. ஜிம்முக்கு வரணும்னு எப்படித் தோணுச்சு?"

மலைச்சாமி கொஞ்சம் தயங்கினார். "வீட்ல சும்மா இருக்காதன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஒங்களுக்குத் தம்பி?"

"எனக்கும் வீட்லதான் சார்."

இருவரும் சிரித்துக்கொண்டார்கள். கிளையண்ட்டோடு நெருக்கம் உண்டாக்குவது இத்தனை சுலபமாக இருக்கும் என்று செழியன் நினைக்கவில்லை. மலைச்சாமி எடை மிஷினில் ஏறினார். ஐம்பத்திரண்டு. "நீங்களும் ஏறுங்க," என்றார். ஏறினான். எண்பத்தொன்பது. மலைச்சாமி அந்த எண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு செழியன் கையிலிருந்த அளவு டேப்பை வாங்கி அவன் வயிற்றைச் சுற்றிப் பிடித்தார். கிளையண்ட்டுக்கு ஆர்வம் இருப்பது நல்லதுதான் என்று செழியன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

மூன்றாம் நாளிலிருந்து சாப்பாடு. செழியன் வீட்டிலிருந்து ஆறு முட்டை அவித்து எடுத்துவந்தான். மலைச்சாமி ஒவ்வொன்றாக உரித்து, மஞ்சள் கருவைத் தான் வைத்துக்கொண்டு வெள்ளையை அவன் பக்கம் தள்ளினார்.

"மஞ்சக்கரு ஒங்களுக்கு வேணாம் தம்பி. நான் தின்னுக்கிறேன்."

செழியனுக்குச் சந்தோஷம். சதை போட வேண்டியவர் மஞ்சள் கருவை விரும்பித் தின்கிறார். மிஞ்சிய வெள்ளையை வீணாக்கக் கூடாது என்று அவன் தின்றான். மறுநாள் மலைச்சாமி ஒரு டப்பா நிறைய அவித்த கொள்ளு கொண்டுவந்தார்.

"நம்ம காட்டுல வெளஞ்சது. சாப்புடுங்க."

"நீங்க சாப்புடுங்க சார்."

"நான் வீட்லயே தின்னுட்டு வாரேன். இது ஒங்களுக்குன்னே போட்டது."

அன்போடு கொடுப்பதை எப்படி மறுப்பது? தினமும் கொள்ளு வந்தது. தினமும் தின்றான். பதிலுக்குச் சிறுமலைப் பழம் ஒரு சீப்பும் கடலை மிட்டாயும் வாங்கிக் கொடுத்தான். மலைச்சாமி அவற்றைப் பையில் போட்டுக்கொண்டார். "வீட்ல பிள்ளைக இருக்கு," என்றார்.

முதல் வாரக் கடைசியில் மலைச்சாமி ஐம்பத்திரண்டிலேயே நின்றார்.

சிக்கல் ராத்திரிச் சாப்பாட்டில் இருக்கும் என்று செழியன் முடிவு கட்டினான்.

"ராத்திரிக்கு என்ன சார் சாப்புடுறீங்க?"

"ரெண்டு தோசை. இல்லன்னா கம்மங்கஞ்சி. நீங்க?"

பொய் சொன்னால் நம்பிக்கை போய்விடும். "புரோட்டா சார். நாலு. சால்னா ஊத்தி. சில நாளு அஞ்சு."

மலைச்சாமி கண்ணை மூடித் திறந்தார். "அத விட்ருங்க தம்பி."

செழியன் மூளை வேலை செய்தது. தான் ஒன்றை விட்டுக்கொடுத்தால் கிளையண்ட்டும் ஒன்றுக்கு இறங்கி வருவார். "ஒரு ஒப்பந்தம் போடுவோம் சார். நான் புரோட்டாவ விடுறேன். நீங்க ராத்திரி ரெண்டு தோசையோட நெய்யும் ரெண்டு வாழப்பழமும் சேத்துக்கணும்."

"சத்தியமா விட்ருவீங்களா?"

"சத்தியமா."

"அப்பச் சரி."

செழியன் சத்தியத்தைக் காப்பாற்றினான். ட்ரெய்னர் சொல் தவறினால் கிளையண்ட் எப்படி மதிப்பான்? பானுப்ரியா பார்சலை எடுத்துவந்து தட்டில் பிரித்து வைத்தபோது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு இரண்டு தோசை தின்றான். மலைச்சாமி வாழைப்பழம் தின்றாரா இல்லையா என்று தெரியவில்லை. எடை மட்டும் அசையவில்லை.

இதற்கு நடுவே போட்டிக்காரன் யார் என்பது செழியனுக்குத் தெரிந்துபோனது. கண்ணாடி ஓரத்தில் நிஹால் என்று ஒருவன். தோள் இரண்டும் தண்ணீர்க் குடம். அவன் தினமும் குண்டான ஒரு வியாபாரியைக் கூட்டிவந்து வேலை வாங்கினான். வியாபாரி கண்ணுக்கு எதிரே இளைத்துக்கொண்டிருந்தார். செழியன் ஒருநாள் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தான்.

"ஒங்க ஆளு நல்லாக் கொறஞ்சுட்டாரே."

"ஆளா? எங்க மாமுண்ணே. செருப்புக் கடையில உக்காந்தே தொப்பை வச்சுட்டாரு. மாமி தொல்லை தாங்காம இழுத்துட்டு வாரேன்."

செழியன் தலையாட்டினான். பயல் கெட்டிக்காரன். ரகசியத்தை எவ்வளவு சுத்தமாகக் காப்பாற்றுகிறான். மாமுவாம்.

பயம் வந்ததும் செழியன் கெடுபிடி கூட்டினான். மலைச்சாமி ஓடக் கூடாது, நடக்கக் கூடாது, மாடிப்படி ஏறினால்கூட மெதுவாக ஏற வேண்டும், சேர்ந்த நாலு சதையும் வியர்வையில் போய்விடும் என்று எடுத்துச் சொன்னான். மலைச்சாமி பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றதும் சரிதான் தம்பி. ஆனா கொஞ்சம் காத்தாடப் போனாத்தான் உடம்பு கேக்கும். நாளைக்குக் காலைல மலையடிவாரத்துக்கு வாங்க. மலக்கோட்டைய ஒரு சுத்துச் சுத்துவோம்."

"வேணாம் சார்."

"நீங்க வரலன்னா நான் மட்டும் போறேன்."

தனியாக விட்டால் ஓடியே ஓய்ந்துவிடுவார். கட்டுப்படுத்தவாவது கூடப் போக வேண்டியிருந்தது. மறுநாள் மலைச்சாமி முன்னால் ஓடினார். "மெதுவா சார்," என்று கத்திக்கொண்டே செழியன் பின்னால் ஓடினான். அவர் திரும்பிப் பார்த்து, "விடாம வாங்க தம்பி, நல்லா வாரீங்க," என்றார். பாதிச் சுற்றில் செழியனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கெண்டைக்கால் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று முதலுதவிப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவன் அவன். ஆனால் பாடத்தில் பிடித்தது வேறு யாருக்கோ. அவன் டீக்கடை பெஞ்சில் விழுந்து கத்தினான். மலைச்சாமி உட்கார்ந்து, காலை நீட்டி, பாதத்தை மெல்ல மேல்பக்கமாக வளைத்துப் பிடித்தார். வலி இறங்கியது.

"தண்ணி பத்தல ஒங்களுக்கு," என்றார். "நாளைக்கு ரெண்டு சுத்து."

மறுநாள் இரண்டு சுற்று. பிறகு அது வழக்கமாகிவிட்டது.

வீட்டில் பானுப்ரியா பேண்ட்டைத் தூக்கிப் பார்த்தாள். பெல்ட்டில் ஆணி வைத்து அடித்த புது ஓட்டைகளைப் பார்த்தாள்.

"ஏங்க, நீங்க அங்க ட்ரெய்னரா, இல்ல ஆஸ்பத்திரிக்கு எதுவும் போயிட்டு வாரீங்களா?"

"கவலைல எளைக்கிறேன். அந்த ஆளு ஒரு கிலோ ஏற மாட்டேங்குறான்."

"அவரு ஏறாட்டி நீங்க எதுக்கு எறங்குறீங்க?"

"ஒனக்குச் சொன்னாப் புரியாது. பொறுப்பான ட்ரெய்னரு இப்படித்தான்."

"எங்கண்ணன் போன் பண்ணுச்சு. சூப்பர்வைசர் கேக்குறாராம்."

செழியன் சோற்றை ஒதுக்கிவைத்தான். வெஞ்சனமாக இருந்த காய்கறியை மட்டும் தின்றுவிட்டு எழுந்தான். பசி கூட அடங்கிப்போயிருந்தது. அதையும் அவன் கவலைக் கணக்கில் எழுதினான். காலையில் அலாரம் அடிப்பதற்கு முன் விழிப்பு வந்தது. அதுவும் கவலை. மாடிப்படியில் மூச்சு வாங்கவில்லை. அதை அவன் கவனிக்கவே இல்லை.

கடைசி வாரம் அவன் பாடத்தின் கடைசி ஆயுதத்தை எடுத்தான். ஊக்கம்.

"சார், ஒங்களால முடியும். ஒரே ஒரு கிலோ. எனக்காக."

"ஒங்களாலயும் முடியும் தம்பி," என்றார் மலைச்சாமி. அவர் குரல் கம்மியது. "ஒங்களுக்குத் தெரியாது. நீங்க நல்லபடியா வந்தா என் பொழப்பே மாறிரும்."

இப்படியும் ஒரு கிளையண்ட். தன் உடம்பைப் பற்றிக் கவலைப்படாமல் ட்ரெய்னர் முன்னேற வேண்டும் என்று கண் கலங்குகிற மனிதர்.  அன்று செழியன் அவர் சொன்னபடி, தரையில் முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகையாக நிறுத்தி, கை நடுங்கும்வரை கிடந்தான். இவருக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி?

மாதக் கடைசி. பாய் காலையில் வருவதாக ஜோஸ்பின் சொல்லியிருந்தாள். முதல் நாளே செழியன் மலைச்சாமியிடம் குழைந்தான்.

"நாளைக்கு எடை பாப்பாங்க போல சார். வயிறு முட்டச் சாப்புட்டு, ரெண்டு சொம்புத் தண்ணி குடிச்சுட்டு வாங்க."

"சரி தம்பி. நீங்க வெறும் வயித்துல வாங்க."

"நான் எதுக்கு சார்?"

"ஒரு ராசிதான். எனக்காக."

செழியன் வெறும் வயிற்றில் வந்தான். கிளையண்ட் கேட்டுவிட்டாரே.

பாரூக் பாய் வந்தார். இருவரையும் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். மலைச்சாமியை எடை மிஷினில் ஏறச் சொன்னார். ஐம்பத்திரண்டு. இரண்டு சொம்புத் தண்ணீரும் எங்கே போனதென்று தெரியவில்லை. செழியனுக்கு நூல் மில்லின் சங்கு காதில் கேட்டது.

"நீங்களும் ஏறுங்க தம்பி," என்றார் பாய்.

முதலாளியிடம் எதற்கு என்று கேட்க முடியாது. ஏறினான். இப்போது தன் எண்ணைப் பார்க்கும் நிலையில் அவன் இல்லை. கண்ணை மேலே மின்விசிறியில் வைத்துக்கொண்டான். பாய் குனிந்து பார்த்து, "மாஷா அல்லா," என்றார். பிறகு மலைச்சாமி தோளில் கையைப் போட்டு அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். கதவு மூடியது.

செழியன் வெளியே டம்பெல் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றான். விஷயம் தெளிவாகத்தான் இருந்தது. எடை ஏறவில்லை. இனிக் கிளையண்ட் வாயில் வருவதுதான். பாய் உள்ளே அவரிடம், ட்ரெய்னர் எப்படி என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு மாதத்தில் ஒரு தடவையாவது அவரை எதிர்த்துப் பேசியிருக்கிறேனா? இல்லை. முட்டை அவித்துக் கொடுத்தேனா? கொடுத்தேன். மலையைச் சுற்றிக் கூடவே ஓடினேனா? ஓடினேன்.

அந்தப் பக்கம் நிஹால் அவன் மாமுவை விரட்டிக்கொண்டிருந்தான். பாய் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனது செழியனுக்குக் கொஞ்சம் தெம்பைத் தந்தது.

கதவு திறந்தது. மலைச்சாமி நேராக அவனிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"எல்லாம் ஒங்களாலதான் தம்பி. சொன்னதையெல்லாம் தட்டாம செஞ்சீங்க பாருங்க, அதுதான். ஒங்கள மாதிரி ஒரு ஆளு எனக்கு இனிக் கெடைக்க மாட்டாங்க. பாய்கிட்டயும் அப்படியேதான் சொன்னேன்."

"சார், அவ்வளவு பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு."

"இல்ல தம்பி. வீட்டுக்குப் போன் போட்டுட்டு வாரேன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியில் இறங்கினார்.

செழியன் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றான். நெஞ்சு நிமிர்ந்தது. எடை பெரிதில்லை, மனிதர்தான் பெரிது. இதை எந்தப் பாடத்திலும் போடவில்லையே. போனை எடுத்து ஆனந்த்ராஜை அழைத்தான்.

"மச்சான், அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லிரு. நமக்கு இங்க முடிஞ்சுருச்சு."

"நல்லா யோசிச்சியா மாப்ள? இப்பவே வேற ஆளு காத்துக்கிட்டு இருக்கான். சொன்னாச் சொன்னதுதான்."

"யோசிச்சுட்டேன். சொல்லிரு."

முன் மேசைக்குப் போனான். ஜோஸ்பின் சுவரில் ஒட்டுவதற்காக ஒரு பெரிய அட்டையில் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"ஜோஸ்பின், ட்ரெய்னருக்கு டீசர்ட்டு எந்தக் கலரு? எனக்கு எப்பலருந்து டூட்டின்னு பாய் ஏதாச்சும் சொன்னாரா?"

அவள் பசைக் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"ஒங்களுக்கா? வேலை மலைச்சாமி சாருக்குல்லண்ணே கெடச்சிருக்கு, அவருகிட்டக் குடுத்த ஆளு ஒரே மாசத்துல ஏழு கிலோ கொறஞ்சிருக்காருல்ல. கொஞ்சம் அன்னைக்கு மாதிரியே சைடு வாக்குல திரும்பி நில்லுங்க, 'ஆப்டர்' போட்டோ எடுக்கணும்."